எங்க ஆயாவுக்குக் கூன் இல்லை!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் நம் ஆட்கள் பலரும் வழக்கம்போல 'இளைஞனே எழுந்து வா', 'நட்பு', 'வரதட்சணையை ஒழிப்போம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் நட்பைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் போன வருஷ ஆண்டு விழாவிலிருந்து ஒரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

போன வருஷம் நம்ம டிபார்ட்மெண்ட் போட்ட நாடகம் ஞாபகம் இருக்கிறதா? அதில் பாட்டி வேஷம் கட்டியது அடியேன்தான். தலையில் முகப்பவுடரைக் கொட்டி நரை. கையில் ஊன்றுகோல். இடுப்பை இரண்டாக மடித்துக் கூன். பல் போன மாதிரி பொக்கைப் பேச்சு. எதைச் சொன்னாலும் காதில் வேறு மாதிரி விழும் செவிடு. நான் தள்ளாடிக்கொண்டு மேடைக்கு வந்ததுமே விசில் பறந்தது. மருமகளை வம்புக்கு இழுத்தபோது கடைசி வரிசை ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். முதல் பரிசு நமக்குத்தான்!

அன்றைக்கு நான் கட்டியிருந்தது எங்க ஆயாவின் புடவை. (வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்க பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம்.) "பேரன் நடிக்கிறான்" என்று ஆயாவும் வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. படுக்கப் போகும் முன்னால்தான் கேட்டது.

"ஏன்டா, அந்தக் கெழவி யாருடா?"

"சும்மா... ஒரு பாட்டி ஆயா."

"என் பொடவையக் கட்டிக்கினு யாரையோ ஆடிட்டு வந்துக்கிறே. எனக்குக் கூன் இருக்குதா? நான் கோல் ஊனிக்கினா நடக்கிறேன்? எந்தக் கெழவியடா பாத்தே நீ?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்க ஆயாவுக்கு 68 வயது. வெள்ளானூரில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு பற்றிவிடும். ஆவடிப் பக்கம் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி நாலு இட்லி வாங்கிக்கொண்டு பறப்பார்கள். யார் எவ்வளவு பாக்கி என்பதற்கு நோட்டுப் புத்தகமே கிடையாது, எல்லாம் மனசில். சின்ன வயசிலிருந்து குனிந்து நாற்று நட்ட முதுகு, இன்றைக்கும் நிமிர்ந்துதான் நிற்கிறது. பௌர்ணமிக்குத் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திருவண்ணாமலை போய், 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு வந்து, மறுநாள் கடையைத் திறந்துவிடும். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட ஆளுக்கு நான் கொடுத்தது ஒரு ஊன்றுகோல்!

யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து தினமும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 'பாட்டி வேஷம்' என்றதும் என் கையும் காலும் தானாகப் போய் நின்றது வேறொரு பாட்டியிடம். அந்தப் பாட்டியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமாவும் டி.வி.யும்தான். கண்ணெதிரே இருக்கிறவர்களை மறைத்துவிட்டு, இல்லாத ஒருத்தியைத் திரை நம் மண்டைக்குள் உட்காரவைத்துவிட்டது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

நமக்குக் கணக்கு என்றால் கசப்பு. இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1991-ல் வந்த 'தளபதி'யில் ரஜினிகாந்துக்கு அம்மா ஸ்ரீவித்யா. ரஜினி பிறந்தது 1950 டிசம்பர். ஸ்ரீவித்யா பிறந்தது 1953 ஜூலை. மகனைவிட அம்மா இரண்டரை வயது சின்னவர்! இதே ஸ்ரீவித்யா 1975-ல் 'அபூர்வ ராகங்க'ளில் கமலஹாசன் காதலிக்கும் பெண். அப்போதே கல்யாண வயசுப் பெண்ணுக்குத் தாய் வேஷம், நிஜ வயது 22. பதினாலு வருஷம் கழித்து 1989-ல் 'அபூர்வ சகோதரர்க'ளில் அதே கமலுக்கு அம்மா. இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை வயதுகூட இல்லை.

சுஜாதா 1977-ல் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி. 2002-ல் 'பாபா'வில் ரஜினிக்கு அம்மா. அவரும் ரஜினியைவிட இரண்டு வயது இளையவர்தான்.

வடிவுக்கரசி கதை இதைவிடத் தமாஷ். 1997-ல் 'அருணாச்சல'த்தில் ரஜினிக்குப் பாட்டி. 2007-ல் 'சிவாஜி'யில் ரஜினிக்கு அம்மா. பத்து வருஷத்தில் பாட்டி அம்மாவாகிவிட்டார்! அவரும் ரஜினியைவிட வயதில் சிறியவரே. அந்த 'சிவாஜி' வந்தபோது ரஜினிக்கு 56 வயது, ஜோடியாக நடித்த ஸ்ரேயாவுக்கு 24.

ஒரு நடிகரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரசிகர் மன்றத் தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் முதல் நாள் டிக்கெட்டுக்கு முட்டி மோதுகிறவன்தான். அந்தந்த நடிகைகளின் திறமையையும் குறை சொல்லவில்லை. இளம் வயதில் முதுமையை நடித்துக் காட்டுவது லேசான காரியமா? ஊருக்கே இதுதான் வழக்கம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். 1957-ல் வந்த இந்திப் படம் 'மதர் இந்தியா'வில் நர்கீஸின் மகனாக நடித்தவர் சுனில் தத். இருவரும் பிறந்தது 1929 ஜூன் மாதம். அம்மா பிறந்து ஐந்தாம் நாள் மகன் பிறந்திருக்கிறார்! அடுத்த வருஷமே இருவரும் நிஜ வாழ்க்கையில் தம்பதியானார்கள். அமெரிக்காவும் இதற்கு விலக்கில்லை. 1967-ல் வந்த 'தி கிராஜுவேட்' படத்தில், கல்லூரி முடித்த பையனை மயக்கும் 'வயதான' பெண்மணியாக நடித்த ஆன் பேன்கிராஃப்டுக்கு வயது 36-தான். பையனாக நடித்த டஸ்டின் ஹாஃப்மனுக்கு 30.

ஏன் இப்படி? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம் சினிமாவில் பெண்ணுக்கு என்று தனியாக ஒரு வயது கிடையாது. கதாநாயகனுக்கு என்ன வேண்டும் என்பதை வைத்துத்தான் அவளுக்கு வயது. 48 வயசு ஹீரோ பக்கத்தில் நிஜமாகவே 70 வயது அம்மாவை நிறுத்தினால் ஹீரோவின் வயது வெளியே தெரிந்துவிடும். அதனால் இளைய அம்மா தேவை. 1999-ல் வந்த 'படையப்பா'வைப் பாருங்கள். ரஜினிக்கு 48. அப்பாவாக வந்த நடிகர் திலகம் சிவாஜிக்கு 70. சரியான வயது! அம்மாவாக வந்த லட்சுமிக்கு 46. அப்பா 70-ல் இருக்கலாம், அம்மா மட்டும் மகனைவிடச் சின்னவராக இருக்க வேண்டும். அப்படியானால் 70 வயது நடிகை எங்கே போவார்?

எலிவேஷன் மட்டும் போதுமா?

முதல் வருஷம் என்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு சாதாரண பேரிங் பிளாக்கைப் புரிந்துகொள்ளவே எலிவேஷன், பிளான், சைடு வியூ மூன்றும் வேண்டும். ஒரு வியூவை விட்டால் மார்க் போச்சு. இரும்புத் துண்டுக்கே மூன்று பக்கம் பார்க்கிற நாம், 60 வயது தாண்டிய பெண்ணுக்கு ஒரே ஒரு பக்கத்தோடு திருப்தியாகிவிடுகிறோம்.

அதுவும் மூன்றே அச்சு. ஒன்று, மகன் சாப்பிட்டானா என்று வாசலைப் பார்த்துக் கண்ணீர் விடும் அம்மா. இரண்டு, காபியில் எதையோ கலக்கத் திட்டம் போடும் மாமியார். மூன்று, நான் போட்டேனே, அந்தக் காமெடிப் பாட்டி. எங்க ஆயா மாதிரி வியாபாரம் பண்ணுகிற, கணக்குப் பார்க்கிற, சிநேகிதிகளோடு ஊர் சுற்றுகிற, சில நாள் யார்கிட்டயும் பேசாமல் கோபமாக உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி அந்த மூன்று அச்சிலும் அடங்கமாட்டாள்.

ஆண்களுக்கு அப்படியில்லை. பாலுமகேந்திரா 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டிலும் சொக்கலிங்க பாகவதர் என்ற முதியவரை எவ்வளவு அழகாகக் காட்டினார்! 2022-ல் வந்த 'கடைசி விவசாயி'யில் நல்லாண்டி என்ற நிஜ விவசாயப் பெரியவர்தான் கதாநாயகன். நெஞ்சைத் தொட்ட படம். ஆனால் எங்க ஆயா அதைப் பார்த்துவிட்டு, "உழுதது ஆம்பள சரி, நாத்து நட்டவ எங்கடா?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. தமிழ்த் திரையில் எல்லோருக்கும் பிடித்த வயதான பெண்மணி யார் என்று நம் ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் 'அவ்வை சண்முகி' என்பார்கள். 1996-ல் வந்த அந்த மாமி ஓர் ஆண்! நாடக மேடையில் ஔவையாராகவே வாழ்ந்த டி.கே.சண்முகம் அவர்களின் நினைவாக வைத்த பெயர் அது. இருவருமே மாபெரும் கலைஞர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கிழவியைக்கூட ஆண்பிள்ளை நடித்தால்தான் நாம் ரசிக்கிறோமோ என்று ஒரு சந்தேகம். டி.வி. காமெடி நிகழ்ச்சிகளில் புடவை கட்டிய பையன்கள் பண்ணுவதும் அதுதான். நான் மேடையில் பண்ணியதும் அதுதான்.

முடியாது என்பதில்லை

"ஜனங்க பார்க்கமாட்டாங்க, படம் ஓடாது" என்பார்கள். பொய்! 1953-ல் ஜெமினி வாசன் 'ஔவையார்' எடுத்தார். காதல் இல்லை, டூயட் இல்லை. ஒரு கிழவி ஊர் ஊராக நடந்து போகிற கதை. நாற்பத்தைந்தை நெருங்கிய கே.பி.சுந்தராம்பாள்தான் படமே. தமிழ்நாடே திரண்டு பார்த்தது. அடுத்த வருஷம் 'மனோகரா'வில் கண்ணாம்பா முழங்கிய முழக்கத்தில், 25 வயது சிவாஜியே நின்று கேட்கும் மகனாகிவிட்டார். அவருக்கு நிஜமாகவே நாற்பதுக்கு மேல்.

நம்ம ஆச்சி மனோரமாவை மறக்க முடியுமா? ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸில் இடம் பிடித்தவர். 1988-ல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' படத்தில் பாட்டிதான் ஹீரோ. 1990-ல் 'நடிகன்' படத்தில், வயதான பெண்ணுக்கும் ஆசை உண்டு, வெட்கம் உண்டு என்று சிரிக்க வைத்துக்கொண்டே காட்டினார். அதே வருஷம் 'மைக்கேல் மதன காமராஜ'னில் எஸ்.என்.லட்சுமி பாட்டி கூச்சமே இல்லாமல் திருடினார்! 'அவர்கள்' படத்தில் லீலாவதி செய்த மாமியாரையும் சொல்ல வேண்டும். மகன் செய்த கொடுமைக்கு வருந்தி, மருமகள் வீட்டில் வேலைக்காரியாகவே வந்து சேர்ந்துகொண்ட மாமியார் அவர். 2015-ல் வந்த 'காக்கா முட்டை'யில், பீட்சா விளம்பரத்தைப் பார்த்து, பேரன்களுக்காகத் தோசைக்கல்லிலேயே பீட்சா சுட்டுக் கொடுக்கும் ஆயாவைப் பாருங்கள். பவுடர் நரை இல்லை, போலிக் கூன் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு எங்க வீட்டு அடுப்படிதான் தெரிந்தது.

உலகப் புகழ் பெற்ற சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யிலும் (1955) ஒரு பாட்டி உண்டு. அந்த வேஷத்துக்கு ராய் ஓர் இளம் நடிகைக்கு மேக்கப் போடவில்லை. மேடையைவிட்டு எப்போதோ ஒதுங்கியிருந்த சுனிபாலா தேவி என்ற 80 வயது மூதாட்டியைத் தேடிப் பிடித்தார். அந்த அம்மாவுக்குக் கூன் உண்டு, பல் இல்லை. ஆனால் திருட்டுத்தனமும் ரோஷமும் குழந்தைச் சிரிப்பும் சேர்ந்தே உண்டு. ஆகவே கூன் குற்றமல்ல நண்பர்களே! கூன் மட்டுமே இருப்பதுதான் குற்றம்.

டி.வி.யில் நிலைமை கலவைதான். 'மெட்டி ஒலி' மாமியாரை எங்க தெருவில் இன்னும் திட்டுவார்கள். அத்தனை சீரியலிலும் அதே அச்சு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சினிமா கைவிட்ட மூத்த நடிகைகளுக்குச் சோறு போட்டது சீரியல்தான். 2022-ல் சன் டி.வி.யில் 'எதிர்நீச்சல்' தொடங்கியபோது, எங்க வீட்டில் அந்த நேரத்துக்கு யாரும் ரிமோட்டைத் தொட முடியாது. அதில் வரும் அப்பத்தாவாக நடித்தவர் பாம்பே ஞானம். 1989-லேயே பம்பாயில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவைத் தொடங்கி, ஆண் வேஷத்தையும் பெண்களையே போட வைத்த அம்மா அவர். கதைப்படி அப்பத்தா பேரில் 40 சதவீதம் சொத்து. வீட்டையே மிரட்டும் ஆண்பிள்ளைகள் அந்த 40 சதவீதத்தின் முன்னால் திணறுவார்கள். எங்க ஆயா கை தட்டும். "பாத்தியா... அவ பேர்ல இருக்கற வரைக்குந்தான் மருவாதி" என்று சொல்லும். எங்க ஆயா பேரிலும் அந்த ஓட்டு வீடும் மூணு சென்ட் நிலமும் இருக்கிறது. பிளாட் போட வருகிறவர்கள் மாதம் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறார்கள். சொந்தக்காரர்களும் "வயசாயிடுச்சு, எழுதிக் குடுத்துடேன்" என்கிறார்கள். ஆயா இதுவரை அசையவில்லை. அந்த அப்பத்தாவைப் பார்த்து அதற்கு ஒரு தெம்பு வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். திரை கெடுக்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும்.

இதனால் நமக்கென்ன?

"அட, பொழுதுபோக்குப்பா! இதுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாங்க. வயது 44. போன வருஷம் ஒருநாள் என்னிடம், "டேய், எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக் குடேன். பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு போவுது" என்று கேட்டாங்க. நான் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "இந்த வயசுல எதுக்கும்மா? விழுந்து கைகால ஒடச்சிக்கவா?" என்றேன். அம்மா மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

2023-ல் 'ஜெயிலர்' வந்தபோது, 72 வயது ஹீரோ வில்லன்களைப் பந்தாடியதற்கு விசிலடித்து விரல் வலித்தது இதே பையனுக்குத்தான். 72 வயது ஆணால் எதுவும் முடியும், 44 வயது அம்மாவால் ஸ்கூட்டி ஓட்ட முடியாது! இந்தக் கணக்கை எனக்கு எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? அந்தப் படத்திலேயே ஹீரோவின் மனைவியாக வருகிறவர் ரம்யா கிருஷ்ணன். ஒரு காலத்தில் நீலாம்பரியாகத் தியேட்டரையே அதிர வைத்தவர். அவருக்குக் கதையில் என்ன வேலை இருந்தது என்று அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை.

வீட்டில் நாம் பேசும் 'இந்த வயசுல எதுக்கு' என்ற மூன்று வார்த்தை இருக்கிறதே, அது எத்தனை அம்மாக்களின் வாயை அடைத்திருக்கிறது! டூ வீலர், பத்தாவது பரீட்சை, புது நிறப் புடவை, சினிமாவுக்குத் தனியாகப் போவது... எது கேட்டாலும் இதே பதில்தான். அந்தப் பதிலைத் திரையிலிருந்து பொறுக்கி வந்து வீட்டில் வீசுகிறோம்.

தோழர்களே! நாம் போய் நாளைக்கே சினிமாவை மாற்றிவிட முடியாது. ஆனால் நம் கையில் ஒரு மேடை இருக்கிறது. யூனியன் நிர்வாகிகளுக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, இனி நம் நாடகத்தில் முதிய பெண் வேஷம் போடுகிறவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் முழுக்கத் தன் வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து நடிக்கட்டும். இரண்டு, ஆண்டு விழாவில் நம் அம்மாக்களும் ஆயாக்களும் கேன்டீன் அம்மாவும் நடிக்க ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சிரிப்பு குறையாது, நான் உத்தரவாதம்! எங்க ஆயா ஒருத்தியே போதும்.

மூன்றாவது கோரிக்கை எனக்கு நானே போட்டுக்கொண்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்க ஏரிக்கரைப் பக்கம் வந்தீர்களானால், சிநேகிதன் ஒருவனின் ஸ்கூட்டியில் அம்மா 'எட்டு' போட்டுப் பழகுவதையும், பின்னாலேயே நான் மூச்சிரைக்க ஓடுவதையும் பார்க்கலாம். இரண்டு தடவை விழுந்தாங்க. கைகால் ஒன்றும் உடையவில்லை.

போன வாரம் ஆயா கேட்டது, "இந்த வருசமும் பொடவ வேணுமாடா?"

"வேணும் ஆயா. ஆனா கோல் வேணாம்."

நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தது.

வீட்டுக்குப் போனதும் உங்க பாட்டியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள் நண்பர்களே. திரையில் பார்த்தவரா அவர்?